எல்லாத்துக்கும் ஓடிடி மேல பழி போடாதீங்க

ஊர்ல ஒரு தியேட்டரை இடிச்சா உடனே ஓடிடி கொன்னுடுச்சுன்னு போஸ்ட் போடுறாங்க, இல்லன்னா காசுக்கு ஆசைப்பட்டு வித்துட்டான்னு ஓனர் குடும்பத்தை திட்டுறாங்க. ரெண்டையும் என்னால ஏத்துக்க முடியல. வீட்டுக்கு வீடியோ டெக் வந்தப்பவும் கேபிள் டிவி வந்தப்பவும் இதே பேச்சுதான், ஆனாலும் இழுத்துப் பிடிச்சு ஓட்டுனது அந்தந்த ஊர் குடும்பங்கதானே.

இந்த தொழிலே தனி மனுசங்க துணிச்சல்ல வளந்தது. திருச்சி ரயில்வேல வேலை பாத்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட ப்ரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊரா கூடாரம் அடிச்சு படம் காட்டி, 1914ல கோயம்புத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனாரு, அந்த ரோட்டுக்கு இன்னிக்கும் அதான் பேரு. அப்புறம் ரைஸ் மில்லு, பஸ்ஸுன்னு வச்சிருந்தவங்க சொந்த மனையில கொட்டகை போட்டாங்க. அண்ணன் கவுன்டர்ல, தம்பி சைக்கிள் ஸ்டாண்டுல, மச்சான் கேன்டீன்ல.

அப்பல்லாம் மேல ஆபரேட்டர் ரூம் அனல் பறக்கும். ப்ரொஜெக்டருக்கு வெளிச்சம் குடுக்குற ரெண்டு கார்பன் குச்சியும் எரிய எரிய நெருக்கி வச்சுக்கிட்டே இருக்கணும், கொஞ்சம் அசந்தா திரை மங்கிடும், கீழ விசில் கிளம்பிடும். ரீல் முடியப்போறப்ப திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி மின்னி மறையும், அதப் பாத்துதான் அடுத்த மெஷினுக்கு மாத்துவாங்க. படம் பாத்த நமக்கு அந்த புள்ளி கண்ணுலயே பட்டிருக்காது!

என்னைக் கேட்டா பாதி தியேட்டரை முடிச்சது பாகப்பிரிவினை. தாத்தா ஒருத்தர் கட்டுனதுக்கு பேரன் காலத்துல பத்து பேர் கையெழுத்து போடணும், ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் அமெரிக்காவுல, ஓடுற தியேட்டரை பங்கு போட முடியாது ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கத்து மனைய போடலாம்ல. 1952ல திறந்து 2500 பேருக்கு மேல உக்காந்து படம் பாத்த மதுரை தங்கம் தியேட்டரே இன்னிக்கு ஜவுளிக்கடை.

மீதிய முடிச்சது கடன். பெரிய ஹீரோ படம் வேணும்னா எம்.ஜி. கட்டணும், அதாவது மினிமம் கேரண்டி, படம் ஓடுனாலும் ஓடாட்டியும் திரும்பி வராத முன்பணம், படம் ஊத்திக்கிச்சுன்னா நஷ்டம் மொத்தமும் இவங்க தலையில. ஃபிலிம் பொட்டி நின்னு டிஜிட்டல் வந்தப்ப அதுக்கு ஒரு செலவு. 2017 ஜூலைல ஜிஎஸ்டிக்கு மேல உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேந்து வந்து தமிழ்நாடு முழுக்க தியேட்டரை சாத்துனாங்க, ஞாபகம் இருக்கா? அதுலேர்ந்து நிமிர்றதுக்குள்ள கொரோனா.

இவ்வளவுக்கப்புறமும் நடத்துறவங்க இருக்காங்க. அவங்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டருங்க எம்.ஜி. கேக்காம வசூல்ல பர்சன்டேஜ் வச்சு படம் குடுக்கணும். தாலுகா ஊருக்கு 1000 சீட்டு எதுக்கு, பழைய ஹாலை 150, 200 சீட்டா பிரிச்சு நடத்த ஒருத்தர் முன்வந்தா பொதுப்பணித்துறை, ஃபயர், கலெக்டர் ஆபீஸ்னு அலையவிடாம அரசாங்கம் லைசென்ஸை ஒரே இடத்துல குடுக்கணும், சின்ன ஊருக்கு கேளிக்கை வரிய மொத்தமா எடுக்கணும்.