பாஸ்வேர்ட் சரிதாங்க, கீபோர்டு தான் தப்பு

காலைல இருந்து ஒரு வெர்ச்சுவல் மெஷினுக்குள்ள (இன்னொரு கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேரா ஓடுற கம்ப்யூட்டர்) போக முடியாம உயிர் போகுது. பாஸ்வேர்ட் தப்பு தப்புன்னே சொல்லுது, அதே பாஸ்வேர்ட் என் லேப்டாப்ல ஒழுங்கா எடுக்குது, அஞ்சு தடவை அடிச்சதுல அக்கவுண்டே லாக் ஆகி அட்மின்கிட்ட போய் நின்னு கெஞ்சி அன்லாக் பண்ணிட்டு வந்து திரும்ப அடிச்சா திரும்பவும் அதே எரர். வெறும் புள்ளி புள்ளியா தெரிஞ்சா என்னத்த கண்டுபிடிக்கிறது? கடைசில யூசர்நேம் பாக்ஸ்லயே பாஸ்வேர்ட அடிச்சு பாத்தேன், @ வர வேண்டிய இடத்துல " நிக்குது! மெஷின் யூகே கீபோர்டு லேஅவுட்ல கெடக்கு, அதுல ஷிஃப்ட்டும் 2ம் அமுக்குனா @ வராது, டபுள் கோட்ஸ் தான் வரும். இந்த மெஷினுக்கான இமேஜ (எல்லா செட்டிங்கோட இருக்குற ரெடிமேட் காப்பி) ரெடி பண்றவங்க இத ஒரு தடவை பாத்துருக்கலாம்ல? ரெண்டு மணி நேரம் போச்சுங்க, செம கடுப்பு.