யாருக்கு மட்டும் ரகசியம்?

அரசாங்கம் மக்களுக்கே தெரியாமல் மக்கள்மேல் பரிசோதனை நடத்தியது என்று யாராவது ஆரம்பித்தால், "போப்பா, வாட்ஸ்அப் கதை" என்று தள்ளிவிடுகிற ஆள் நான். அமெரிக்காவில் நடந்த டஸ்கீகி ஆய்வு பற்றி ஒழுங்காகப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் சுமார் 600 கறுப்பின ஆண்களைத் தேடிச் சேர்த்தது. பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். மீதி 201 பேர் அந்த நோய் இல்லாதவர்கள், ஒப்பிட்டுப் பார்க்க. நோயின் பெயரை அவர்களிடம் சொல்லவில்லை. "ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது" என்றார்கள். சிகிச்சை இல்லாமல் விட்டால் இந்த நோய் உடம்பை என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சியே.

என்னை உலுக்கியது ஒரு கடிதம். முதுகுத் தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. வெறும் பரிசோதனை, அதுவும் வலிக்கிற பரிசோதனை. அதற்கு அனுப்பிய கடிதத்தில், இது சிறப்பு இலவச சிகிச்சை, உங்களுக்குக் கடைசி வாய்ப்பு, மறக்காமல் நர்ஸை வந்து பாருங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். யாரையும் கட்டி இழுத்துப் போகவில்லை. அவர்களே நடந்து வந்தார்கள். செத்தால் உடலை அறுத்துப் பார்க்க விட்டால் அடக்கச் செலவுக்குப் பணம் என்றும் சொன்னார்கள். அதற்கும் சரி என்றார்கள்.

இதை "சம்மதம் இல்லாமல் நடந்த ஆய்வு" என்று சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது. சம்மதம் இருந்தது, ஒரு பொய்க்குக் கொடுத்த சம்மதம். கையெழுத்தும் தலையாட்டலும் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

அப்புறம், "ரகசிய ஆய்வு" என்கிறோமே, யாரிடமிருந்து ரகசியம்? 1936லேயே மருத்துவ இதழில் முதல் கட்டுரை வந்துவிட்டது. அதன் பிறகும் வரிசையாக வந்தன. 1969இல் ஒரு குழு கூடி, தொடரலாம் என்று முடிவெடுத்தது. டாக்டர்களுக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியும். தெரியாதது ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு மட்டும்தான். 1947 வாக்கில் சிபிலிஸுக்குப் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அதே 1947இல்தான் நியூரம்பர்க்கில் நாஜி மருத்துவர்களை விசாரித்த அமெரிக்க நீதிபதிகள், ஆய்வுக்கு உட்படும் மனிதரின் விருப்பப்பூர்வமான சம்மதம் கட்டாயம் என்று எழுதினார்கள். அலபாமாவில் ஆய்வு 1972 வரை ஓடியது. அதுவும், அதே சுகாதாரத் துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் பல வருடம் கத்திப் பார்த்து, கடைசியில் பத்திரிகைக்குப் போனதால் நின்றது.

மாசசூசெட்ஸில் ஃபெர்னால்ட் பள்ளி என்று ஒன்று. அங்கே விடுதியில் கிடந்த சிறுவர்களை "அறிவியல் கழகம்" என்று சேர்த்து, கதிரியக்கம் கலந்த ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார்கள். பெற்றோருக்குப் போன கடிதத்தில் சத்துணவு பற்றி இருந்தது, கதிரியக்கம் பற்றி ஒரு சொல் இல்லை. அளவு மிகக் குறைவு, பெரிய பாதிப்பு இல்லை என்று பின்னால் விசாரித்தவர்கள் சொன்னார்கள். இருக்கட்டும். வீட்டில் ஆளில்லாத நேரம் பூட்டைத் திறந்து உள்ளே போனவன் எதையும் எடுக்காமல் வந்துவிட்டான் என்பதால் அது சரியாகிவிடுமா?

இவர்களிடமாவது பொய் சொல்ல வேண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அந்தச் சிரமம்கூட இல்லை. 1950 செப்டம்பரில் கடற்படைக் கப்பலிலிருந்து செராஷியா என்ற பாக்டீரியாவை ஊரை நோக்கித் தெளித்தார்கள். கிருமித் தாக்குதல் வந்தால் எப்படிப் பரவும் என்று பார்க்க. அந்தக் கிருமி சிவப்பாக வளரும், கண்டுபிடிப்பது சுலபம். தீங்கில்லாதது என்றும் நம்பினார்கள். கொஞ்ச நாளில் ஒரே மருத்துவமனையில் 11 பேருக்கு செராஷியா தொற்று, ஒருவர் இறந்தார். இது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் அங்கிருந்த டாக்டர்கள் கட்டுரையே எழுதினார்கள். கப்பல்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இறந்தவரின் குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது 26 வருடம் கழித்து, செய்தித்தாளைப் பார்த்துத்தான். வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். அப்படி ஒரு சோதனை நடத்துவது அரசாங்கம் தன் விருப்புரிமைப்படி எடுத்துக்கொள்ளும் முடிவு, அதற்காக வழக்குப் போட முடியாது என்றது நீதிமன்றம்.