18.5 இலட்சம் என்பது முழுப் பிரித்தானியாவின் கணக்கு அல்ல

பிரித்தானியா முழுவதிலும் 18.5 இலட்சம் முன்னாள் படையினர் வாழ்வதாக 2021 குடிசன மதிப்பீடு காட்டுகிறது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அதை வேறு சிலரும் அப்படியே எடுத்தாண்டிருக்கிறார்கள். எண் சரியானதே, ஆனால் அது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே உரியது. நுவரெலியா மாவட்டத்தின் தொகையை எடுத்து, பதுளை, கண்டி, மாத்தளை எதையும் சேர்க்காமல், இதுதான் மலையகம் முழுவதன் கணக்கு என்று சொன்னால் நாம் ஏற்போமா?

ஸ்கொட்லாந்து தனது குடிசன மதிப்பீட்டைத் தனியாக, ஓராண்டு தள்ளி 2022 மார்ச்சில் நடத்தியது. வட அயர்லாந்தின் படிவத்தில் முன்னாள் படையினரா என்ற கேள்வியே இருக்கவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் படிவத்திலும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம், பிரித்தானிய ஆயுதப் படைகளில் முன்னர் பணியாற்றியிருக்கிறீர்களா என்றுதான் கேட்கப்பட்டது. இப்போதும் பணியில் இருப்பவர்கள் ‘இல்லை’ என்பதையே குறிக்க வேண்டும் என்ற குறிப்பும் கேள்வியின் கீழேயே இருந்தது. (பலரும் கவனிக்காமல் விடுவது இந்தக் குறிப்பைத்தான்.)

சரிபார்ப்பது கடினமல்ல. பிரித்தானியத் தேசிய புள்ளிவிபரவியல் அலுவலகத்தின் இணையத்தளத்தில் டிஎஸ்071 (TS071) என்ற அட்டவணையைத் தேடித் திறந்து, எண்களுக்குப் போகுமுன் தலைப்பையும் அதில் எந்தெந்தப் பிரதேசங்கள் அடங்குகின்றன என்பதையும் பாருங்கள். ஸ்கொட்லாந்தின் தொகையை அந்நாட்டின் குடிசன மதிப்பீட்டுத் தளத்தில்தான் தேட வேண்டும். பதிவை இட்ட நண்பர் ‘பிரித்தானியா முழுவதும்’ என்பதை ‘இங்கிலாந்து, வேல்ஸ்’ என்று மாற்றினால் போதுமானது.