கம்ப்யூட்டர் சொன்னால் நீ திருடன்

"உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது. வேறு யாரும் புகார் சொல்லவில்லையே."

பிரிட்டனில் தபால் நிலையம் நடத்திய எத்தனையோ பேர், கணக்கில் துண்டு விழுகிறதே என்று ஹெல்ப்லைனைக் கூப்பிட்டபோது கேட்ட பதில் இது. வேல்ஸிலிருந்து கூப்பிட்டவருக்கும் இதே பதில், ஹாம்ப்ஷயரிலிருந்து கூப்பிட்டவருக்கும் இதே பதில். 1999-க்கும் 2015-க்கும் நடுவில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். அதில் சுமார் 700 வழக்குகளைப் போட்டது போலீஸ் அல்ல, போஸ்ட் ஆபீஸ் நிறுவனமேதான். பணத்தைக் காணோம் என்று சொன்னதும் அவர்கள், விசாரித்ததும் அவர்கள், கோர்ட்டுக்கு இழுத்ததும் அவர்கள்.

இந்த விவகாரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "சாஃப்ட்வேர் கோளாறால் அப்பாவிகள் ஜெயிலுக்குப் போனார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. கோளாறு இல்லாத சாஃப்ட்வேர் உலகத்தில் எங்கே இருக்கிறது? அந்தக் கோளாறை நம்பித் தண்டனை கொடுத்ததும், தெரிந்த பிறகு மூடி வைத்ததும், மூடி வைத்தது தெரிந்த பிறகும் சும்மா இருந்ததும் மனிதர்கள். அதிலும் கடைசி ரகத்தினர்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறார்கள்.

முதலில் அங்கே நடைமுறை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் கிராமத்துத் தபால் நிலையம் பெரும்பாலும் அரசு அலுவலகம் இல்லை. மளிகைக் கடையோ பேப்பர் கடையோ வைத்திருப்பவர், கடையின் ஒரு பக்கத்தில் கவுண்டர் போட்டு, ஒப்பந்தத்தில் நடத்துவார். பென்ஷன் பணம், ஸ்டாம்ப், பார்சல் எல்லாம் அங்கேதான். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கடையை வாங்கியவர்கள் பலர். தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களும் அதில் நிறைய. கணக்கில் குறைந்தால் நீதான் பொறுப்பு என்று ஒப்பந்தத்தை வைத்தே நிறுவனம் இவர்களை மடக்கியது.

பேரேடு காலத்தில் ஐம்பது பவுண்டு குறைந்தால், பக்கத்தைப் புரட்டி எங்கே தப்பு என்று தேடலாம். 1999 முதல் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. ஜப்பானின் புஜிட்சு நிறுவனத்தின் கையில் இருந்த ஐ.சி.எல். என்ற பிரிட்டிஷ் கம்பெனி தயாரித்தது. அப்புறம் திரையில் தெரிந்த தொகைதான் கணக்கு. அந்தத் தொகை எப்படி வந்தது என்று அடிவரை தோண்டிப் பார்க்கும் வசதி கவுண்டரில் இருப்பவருக்குக் கிடையாது.

இப்போது கணக்கு முடிக்கும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையைச் சாத்தியாகிவிட்டது. பணத்தை மறுபடி மறுபடி எண்ணியாகிவிட்டது. திரை 2,000 பவுண்டு குறைகிறது என்கிறது. ஹாம்ப்ஷயரில் சவுத் வார்ன்பரோ கிராமத்தில் கடை நடத்திய ஜோ ஹாமில்டனுக்கு இதுதான் நடந்தது. ஹெல்ப்லைனில் இருந்தவர் சொன்னபடி பட்டன்களை அழுத்தினார். கண் முன்னாலேயே 2,000 என்பது 4,000 ஆனது. கணக்கை முடித்தால்தான் அடுத்த கணக்கைத் திறக்க முடியும், கவுண்டர் நடக்கும். ஒன்று, கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால், இல்லாத பணம் இருக்கிறது என்று பட்டனைத் தட்ட வேண்டும். தட்டினால் அது பொய்க்கணக்கு, கிரிமினல் குற்றம். அவர் மீது சொல்லப்பட்ட தொகை கடைசியில் 36,000 பவுண்டு ஆனது. பொய்க்கணக்கை ஒப்புக்கொண்டால் திருட்டு வழக்கை விட்டுவிடுகிறோம் என்ற பேரத்துக்கு அவர் தலையாட்டினார். ஜெயிலுக்குப் போகாமல் தப்ப வேறு வழி தெரியவில்லை. ஊர்க்காரர்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். பக்கத்திலிருந்து பார்த்த ஊருக்கு அவர் திருடி இல்லை என்று தெரிந்திருந்தது.

கோளாறு எப்படிப்பட்டது என்று ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் டால்மெலிங்டன் என்ற ஊரின் பெயரையே ஒரு பிழைக்கு வைத்திருக்கிறார்கள். வந்த பணத்தைப் பதிவு செய்யும்போது திரை உறைந்து நிற்கும். நாம் என்ன செய்வோம்? என்டரைத் திரும்பத் தட்டுவோம். தட்டிய ஒவ்வொரு முறையும் அதே 8,000 பவுண்டு புதிதாக வந்ததாக உள்ளே ஏறியது. முடிவில் 24,000 பவுண்டு 'காணோம்'.

சர்ரேயில் வெஸ்ட் பைஃப்லீட் கடையை நடத்திய சீமா மிஸ்ராவுக்கு 2010 நவம்பரில் 15 மாதச் சிறை. அப்போது எட்டு வாரக் கர்ப்பிணி. அன்று மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். தீர்ப்பு வந்ததும் போஸ்ட் ஆபீஸ் வழக்கறிஞர் ஒருவர் உள்ளே அனுப்பிய மின்னஞ்சல் பின்னாளில் வெளியே வந்தது. ஹொரைசனைக் குறைசொல்லும் கூட்டத்தில் மற்றவர்கள் சேராமல் இருக்க இந்த வெற்றி உதவும் என்ற தொனியில் மகிழ்ந்து எழுதியிருக்கிறார். படிக்கும்போது வயிறு எரிகிறது.

சட்டமும் கைகொடுத்தது, யாருக்கு என்று கேட்காதீர்கள். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்ப்யூட்டர் காட்டும் கணக்கைச் சாட்சியமாக வைப்பவர் அது ஒழுங்காக ஓடியது என்று காட்ட வேண்டும். அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். 2000-இல் அது அமலுக்கு வந்தது, நாடு முழுக்க ஹொரைசன் பரவிக்கொண்டிருந்த அதே சமயம். அதன் பிறகு, கம்ப்யூட்டர் சரியாகத்தான் ஓடும் என்பதே கோர்ட்டின் ஊகம். தப்பு என்று சொல்பவர் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரமெல்லாம் புஜிட்சுவின் சர்வரில். கடைக்காரர் எங்கே போவார்?

சரி, அரசியலுக்கு வருவோம். போஸ்ட் ஆபீஸுக்கு ஒரே பங்குதாரர் பிரிட்டிஷ் அரசு. முழு முதலாளி. 2009 மே மாதமே 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை ஏழு பேரின் கதையை வெளியிட்டுவிட்டது. 2010-இல் ஆலன் பேட்ஸ் (வேல்ஸில் லாண்டட்னோவில் கடையை இழந்தவர், போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்) அன்றைய தபால் துறை அமைச்சர் எட் டேவிக்குக் கடிதம் எழுதினார். சந்திப்பதால் எந்தப் பயனும் இருக்காது என்று பதில் வந்தது. பிறகு சந்தித்தார், அது வேறு. ஆனால் அடுத்தடுத்து வந்த அமைச்சர்கள் எல்லாரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அது நிறுவனத்தின் நிர்வாக விஷயம், நாங்கள் தலையிட முடியாது என்றார்கள். லாபத்துக்கு முதலாளி, பழிக்கு அடுத்த வீட்டுக்காரர்.

2013-இல் போஸ்ட் ஆபீஸ் தானே நியமித்த செகண்ட் சைட் என்ற நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் கோளாறுகளைச் சுட்டிக்காட்டினார்கள். அதே ஆண்டு, நிறுவனத்துக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் ஒருவர், வழக்குகளில் ஹொரைசனுக்காகச் சாட்சி சொன்ன புஜிட்சு பொறியாளரை இனி நம்ப முடியாது என்று எழுதிக் கொடுத்தார். தண்டிக்கப்பட்டவர்களுக்கு அதைச் சொல்லவில்லை. 2015-இல் தணிக்கையாளர்களை அனுப்பிவிட்டார்கள்.

2019-இல் 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில், நீதிபதி ஃப்ரேசரை வழக்கிலிருந்தே விலக்கப் பார்த்தது போஸ்ட் ஆபீஸ். நடக்கவில்லை. ஹொரைசனில் கோளாறு இல்லை என்று அவர்கள் பிடித்த பிடிவாதம், பூமி தட்டை என்று 21-ஆம் நூற்றாண்டில் சொல்வதற்குச் சமம் என்று டிசம்பரில் தீர்ப்பு எழுதினார். சமரசத் தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. வழக்குச் செலவு போக ஆளுக்குச் சுமார் 20,000 மிஞ்சியது. அதே ஆண்டு புத்தாண்டில்தான் போஸ்ட் ஆபீஸ் தலைமை நிர்வாகி பௌலா வெனல்ஸுக்கு அரசு விருது கொடுத்திருந்தார்கள். 2024-இல் திருப்பிக் கொடுத்தார்.

ஆக, 2019 டிசம்பரில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்தும் செய்தது. அரசு என்ன செய்தது? கோர்ட்டில் நாங்கள் தலையிட முடியாது, ஒவ்வொருவராக அப்பீல் போங்கள் என்றது. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஐ.டி.வி. சேனலில் இந்தக் கதையையே வைத்து நான்கு பகுதி நாடகம் ஒன்று ஒளிபரப்பானது. நாடே கொதித்தது. ஜனவரி 10-ஆம் தேதி பிரதமர் ரிஷி சுனக் சட்டமே கொண்டு வருகிறோம் என்றார். மே 24-இல் சட்டம் வந்தது, தண்டனைகள் மொத்தமாக ரத்தாயின. ஜூலை 4-இல் பொதுத்தேர்தல்.

நாடகத்தில் புது ஆதாரம் ஒன்றும் இல்லை. தீர்ப்பில் இருந்ததுதான் அதில் இருந்தது. தீர்ப்பைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு டி.வி. பார்த்த வாக்காளரைக் கண்டதும் வேகம் வந்துவிட்டது. இதைத் தாமதம் என்று நான் சொல்ல மாட்டேன். முடியாது என்றார்கள், மனசு வைத்ததும் ஐந்தே மாதத்தில் முடிந்தது. நடுவில் இருந்த நான்கு ஆண்டுகளில், பெயர் துடைக்கப்படாமலே செத்துப்போனவர்கள் உண்டு.

நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தீர்ப்புகளை ரத்து செய்வது நீதித்துறையில் கை வைப்பது இல்லையா, உண்மையிலேயே திருடிய ஒன்றிரண்டு பேரும் தப்பிவிடுவார்களே என்று கேட்கிறார்கள். தப்பட்டுமே. அவர்களைப் பிரித்தறியும் ஆதாரத்தைக் கெடுத்தது போஸ்ட் ஆபீஸ்தான்.

நம் ஊர் சமாசாரம் ஒன்று. பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இங்கிலாந்தின் 1968 சட்டத்தைப் பார்த்து எழுதியது. கம்ப்யூட்டர் பதிவைக் கோர்ட்டில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது, நிபுணர் கையெழுத்தும் கேட்கிறது. இங்கிலாந்து தூக்கியெறிந்ததை நாம் வைத்திருக்கிறோம், நல்லதுதான். ஆனால் அச்சடித்த வாசகத்தில் கையெழுத்து வாங்கி இணைப்பதோடு அந்த வேலை முடிந்துவிடக் கூடாது.

அங்கே இன்னும் முடியவில்லை. 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, இதனால் 13 பேராவது தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது. ஹொரைசனுக்கு முன்பு 'கேப்சர்' என்று ஒரு கணக்கு மென்பொருள் இருந்தது. 1990-களில் அதை நம்பியும் ஆட்களைத் தண்டித்திருக்கிறார்கள். அதுவும் கணக்கில் துண்டு விழவைத்திருக்கலாம் என்று 2024-இல் அரசு வைத்த ஆய்வே சொல்லிவிட்டது. மே மாதச் சட்டத்தில் அவர்கள் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லியிருக்கும் வழி, குற்ற வழக்குகளை மறுஆய்வு செய்யும் ஆணையத்துக்கு ஒவ்வொருவராக மனுப் போடுங்கள் என்பதுதான்.