கடற்காகத்துக்குச் சேவ் வேண்டாம், மீனை விட்டுவையுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்திருந்த அக்காவையும் அவள் பையனையும் மும்பை கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகில் கூட்டிப்போனேன். படகு கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பின்னாலேயே கடற்காகக் கூட்டம். மேல்தளத்தில் ஆளாளுக்குச் சேவ் பாக்கெட்டைப் பிரித்து வீசிக்கொண்டிருந்தார்கள். பையனும் "மாமா, எனக்கும் ஒரு பாக்கெட்" என்றான். வாங்கித் தரவில்லை. முகம் வாடிவிட்டது. "வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி போடுறதுல என்னடா குறைஞ்சிடும்?" என்று அக்கா கேட்டாள். அந்த இன்ஜின் சத்தத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பறவை. கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் பறந்து வந்தது. சிவந்த அலகு, நுனி மட்டும் கருப்பு. கண்ணுக்குப் பின்னால் மை வைத்த மாதிரி ஒரு பொட்டு. பழுப்புத் தலைக் கடற்காகம் என்று பெயர், ஆனால் குளிர்காலத்தில் தலையில் பழுப்பு இருக்காது. லடாக், திபெத் பக்கத்து ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு மும்பைக்கு வருகிறது. கோடையில் திரும்பவும் அவ்வளவு உயரம் ஏறிப் போய் முட்டையிட வேண்டும். அதற்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க வந்த இடத்தில், எண்ணெயில் பொரித்த கடலைமாவும் உப்பும் கொடுக்கிறோம். வயிறு நிறையும், மீனில் இருப்பது அதில் கிடைக்காது.

சரி, கடற்காகம் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். எதையும் தின்னும் பறவை அது. என் கவலை படகுப் பக்கமே வராத பறவைகளைப் பற்றி.

எனக்குப் பாம்பன் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர். மீன் எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொன்னது ஆலா என்ற கடற்பறவை. "ஆலா விழுந்து விழுந்து எந்திரிச்சா, கீழே மீன் கொதிக்குதுன்னு அர்த்தம்" என்பார். அடியிலிருந்து சூரை மீன் துரத்தும், பொடிமீன் மேலே ஓடிவரும், ஆலா குத்திட்டு விழுந்து கவ்வும். ஆக, ஆலாவுக்குப் பொடிமீன் இருந்தால் மட்டும் போதாது, அது மேலேயும் வர வேண்டும். கடலின் மேல்நீர் சூடேறிப்போனால், அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே கலப்பது குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசி குறைகிறது. அதைத் தின்னும் மீன் குறைகிறது, அல்லது ஆழத்துக்கோ வேறு பக்கமோ போய்விடுகிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் அறுபது ஆண்டுகளில் இந்தப் பாசி 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாகப் புனே விஞ்ஞானிகள் தலைமையில் 2016இல் வந்த ஆய்வு சொன்னது. நம் அரபிக்கடலும் அதில் அடக்கம்.

மீன் தள்ளிப்போனால் பறவையும் தள்ளிப் போகட்டுமே, சிறகு இருக்கிறதே என்று தோன்றும். வருஷத்தில் பாதி நாள் அது சரிதான். குஞ்சு பொரித்த பிறகு அப்படியில்லை. தாயும் தகப்பனும் எத்தனை தூரம் போனாலும் அதே திட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு நடைக்கு ஆகும் நேரம் அத்தனையும் குஞ்சின் பட்டினி. 1982இல் பசிபிக்கில் கடல்நீர் சூடேறும் எல் நினோ வந்தபோது கிறிஸ்துமஸ் தீவில் இருந்த கோடிக்கும் மேற்பட்ட கடற்பறவைகள் கூட்டிலிருந்த குஞ்சுகளை விட்டுவிட்டுப் போயின. தின்ன எதுவும் இல்லை, அவ்வளவுதான். அலாஸ்கா பக்கம் 2014 முதல் 2016 வரை கடல் சூடேறிக் கிடந்தபோது, முர் என்ற ஒரே இனத்தில் சுமார் 40 லட்சம் பறவைகள் செத்தன, அங்கிருந்தவற்றில் பாதி. இந்தக் கணக்கே 2024 கடைசியில்தான் வெளிவந்தது. கடலுக்குள் நடக்கும் சாவு நமக்கு அவ்வளவு தாமதமாகத் தெரிகிறது.

ஒரு சாவை நான் பக்கத்தில் பார்த்தேன். இரண்டு வருஷம் முன்னால், ஜூலை மாதம், ஜுஹூ கடற்கரை. ராத்திரி முழுக்க மழை. காலையில் அலை ஒதுக்கிய குப்பைக்கு நடுவே ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. முதுகு கருப்பு, வயிறும் நெற்றியும் வெள்ளை. துண்டைப் போட்டு எடுத்தேன். கனமே இல்லை. மார்பெலும்பு மட்டும் விரலில் கத்தி முனை மாதிரி தட்டியது, இரண்டு பக்கமும் சதை இல்லை. பறவை பார்க்கும் நண்பருக்குப் படம் அனுப்பினேன், சூட்டி டெர்ன் என்றார். ஆலாவில் ஒரு வகை. பறக்கப் பழகியதிலிருந்து முதல் முட்டை இடும் வரைக்கும் வருஷக்கணக்காகத் தரையில் இறங்காமல் கடல் மேலேயே வாழ்கிற பறவையாம். தண்ணீரில் ரொம்ப நேரம் மிதக்கவும் முடியாதாம், இறகு ஊறிவிடும். அட்டைப் பெட்டியில் வைத்து மூடினேன். மீட்க ஆள் வருவதற்குள் போய்விட்டது. மழைக்காலக் காற்று கடற்பறவைகளைக் கரைக்குத் தள்ளுவது புதிதில்லை, நண்பரும் அதைத்தான் சொன்னார். ஆனால் அந்த எலும்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.

அந்த இனம் முட்டையிடும் இடங்களில் ஒன்று லட்சத்தீவில் உள்ள பிட்டி. மரம் மட்டை எதுவும் இல்லாத மணல் திட்டு. கூடு கட்டாது, வெறும் தரையில் ஒரே ஒரு முட்டை. ஓர் அலை ஏறி வந்தால் அந்த வருஷம் முடிந்தது. அதே லட்சத்தீவில் பரலி என்ற சின்னத் தீவு 1968இல் இருந்தது, இப்போது முழுக்கக் கடலுக்குள் போய்விட்டது. நம் மகாராஷ்டிராவிலேயே வெங்குர்லா பாறைத் தீவுகளில் ஆலா முட்டையிடுகிறது. எங்கள் ஊர்ப் பக்கம் தனுஷ்கோடிக்கு அப்பால் ராமர் பாலத்து மணல் திட்டுகளிலும் இடுகிறது. அங்கெல்லாம் முட்டைக் காலத்தில் மனிதன் கால் வைக்கவே கூடாது என்பேன். ஆள் வந்தால் தாய் எழுந்து பறக்கும், வெயிலில் முட்டை வெந்துபோகும்.

கடல் சூடாவதை நானோ நீங்களோ நாளைக்கே நிறுத்த முடியாது. மீனை விட்டுவைப்பது நம் கையில் இருக்கிறது. உலகின் ஏழு கடல் பகுதிகளில் 14 இனப் பறவைகளை வைத்து 2011இல் ஓர் ஆய்வு வந்தது. இரைமீன் அதன் உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால், எங்கே பார்த்தாலும் குஞ்சுகளின் எண்ணிக்கை விழுகிறது என்று கண்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? பாம்பனில் சங்காயம் என்போம், வலையில் வரும் பொடிமீன். கூடை கூடையாக அள்ளி மீன்தூள் ஆலைக்கு அனுப்புகிறார்கள், கோழிக்கும் வளர்ப்பு இறாலுக்கும் தீவனமாக. இங்கேயும் துறைமுகத்தில் அதே குவியல்தான். மகாராஷ்டிர அரசு 2023இல் 54 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு விதித்தது, நல்ல காரியம். ஆனாலும் சந்தையில் உள்ளங்கை அளவு வாவலை இன்றும் பார்க்கிறேன். "மாவ்ஷி, இது வேண்டாம், பெரிசு இருந்தா குடு" என்று மீன்காரம்மாவிடம் கேட்டு வாங்கப் பழகியிருக்கிறேன். அவர் முறைக்கிறார், பரவாயில்லை. ஆனால் என் ஒரு கூடைப் பேரத்தால் ஆகிற காரியம் இல்லை இது. மீன்தூளுக்காகவே பொடிமீன் பிடிப்பதைச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டும்.

திரும்பும் படகில் தூரத்தில் நாலைந்து ஆலா விழுந்துகொண்டிருந்ததைப் பையனுக்குக் காட்டி, தாத்தா சொன்னதைச் சொன்னேன். கேட்வே வரும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, எத்தனை முறை விழுகிறது, எத்தனை முறை வாயில் மீனோடு எழுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தான். பதினேழு முறை விழுந்ததில் மூன்று மீன்.