‘ஈத்து’க்கு ஒரு சிவப்பு வட்டம்

கல்லூரித் தமிழ் வாத்தியார் ஒருவர் ஒரு மாணவனின் விடுப்புக் கடிதத்தைப் படம் பிடித்து, பிழைக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டு இணையத்தில் போட்டாரே, அந்தக் கடிதத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் சிரித்து முடித்தாயிற்று. மீம் போட்டாயிற்று. ஒரு யூடியூப் சேனல் பின்னணியில் சோக வயலின் வைத்து வாசித்தும் காட்டிவிட்டது. நேற்று ராத்திரி என் அக்கா மகன் அதே படத்தை எனக்கு அனுப்பி, "மாமா, உங்க ஸ்டூடன்ட்ஸும் இப்படித்தானா?" என்று கேட்டு ரெண்டு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். அதற்கு மேல் முடியவில்லை.

கடிதத்தை முழுசாக வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. வட்டம் போட்ட இடங்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பீர்கள். ஒரு தடவை வாசியுங்கள். முதலாமாண்டுப் பையன், கல்லூரிக்கு வந்து ரெண்டாவது மாசம்:

"ஐயா, எங்கல் வெள்ளாடு இரன்டாம் ஈத்து. போன ஈத்தில் குட்டி குறுக்கே நின்னு செத்து விட்டது. அம்மா நூறு நால் வேலைக்கு போயிடுவாங்க. வீட்டில் வேற ஆல் இல்லை. அதனால் வியாலக் கிளமை வெள்ளி கிளமை இரன்டு நால் விடுப்பு தரும்படி கேட்டுக் கொல்கிரேன்."

பன்னிரண்டு சிவப்பு வட்டம். எண்ணிப் பார்த்தேன். அதில் ரெண்டு வட்டம் ‘ஈத்து’ என்ற சொல்லுக்கு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.

ஐயா, ‘ஈத்து’ பிழை இல்லை. ஆடு மாடு கன்று போடுவதை எங்கள் பக்கம் ஈத்து என்றுதான் சொல்வோம். தலையீத்து, ரெண்டாம் ஈத்து என்று எண்ணுவோம். வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் "ஈன்று புறந்தருதல்" என்று புறநானூறு நடத்துகிறோமே, அந்த ‘ஈன்று’க்குச் சொந்தக்காரச் சொல். அதைப் பையன் வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறான். தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் அதைச் சுழித்திருக்கிறார். பதிவின் தலைப்பு: "வெட்க்கக்கேடு". ட்-க்குப் பக்கத்தில் க் இரட்டிக்காது என்று பத்தாம் வகுப்பில் நடத்துவார்கள். நான் அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டேன், பரவாயில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையன் எழுதினான். சொந்தமாக எழுதினான். எனக்கு அதுதான் விஷயம்.

கடிதத்தில் எல்லாம் இருக்கிறது பாருங்கள். என்ன நடக்கப் போகிறது, போன தடவை என்ன ஆச்சு, வீட்டில் ஏன் ஆள் இல்லை, எத்தனை நாள் வேண்டும், எந்தெந்தக் கிழமை. ஒரு சொல் கூடுதல் இல்லை. "எனக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தினால்" என்று பொய் எழுதியிருந்தால் ஒருத்தரும் படம் பிடித்துப் போட்டிருக்க மாட்டார்கள். முப்பது வருஷமாக எல்லாரும் எழுதுகிற அதே பொய். நானும் எழுதியிருக்கிறேன். அதைப் போட்டவரும் எழுதியிருப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘வெள்ளாடு’, ‘வெள்ளி’ ரெண்டையும் சரியாக எழுதியிருக்கிறான். ள் இரட்டித்து வரும் இடத்தில் தப்பே இல்லை. எங்கள், நாள், ஆள், கொள் என்று ள் தனியாக நிற்கும் இடத்தில்தான் ல் ஆகிவிடுகிறது. எங்கள் தெற்குப் பக்கம் ‘கிளமை’ என்றுதான் பேசுவோம். பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறான். அதாவது பிழைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அவன் காது எப்படிக் கேட்கிறது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார வைத்தால் பாதியைச் சரி பண்ணலாம். பண்ணியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நியூயார்க்கில் சிட்டி காலேஜ் 1970-ல் ஏழை எளிய பிள்ளைகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்கள் எழுதியதைப் பார்த்து வாத்தியார்கள் தலையில் கை வைத்தார்கள். மினா ஷானஸி என்ற அம்மையார் மட்டும் உட்கார்ந்து நாலாயிரம் கட்டுரை போலப் படித்தார். 1977-ல் புத்தகமாகவே எழுதினார். பிழைகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, வாத்தியார் முதலில் அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும் என்றார். அவரும் கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். இங்கே ஒருவர் கையில் ஒரு கடிதம் கிடைத்தது, போனை எடுத்துவிட்டார்.

"அமெரிக்கா கதையெல்லாம் எதுக்கு?" என்று ஒருத்தர் வருவார். வரட்டும். ஹார்வர்டிலேயே 1874-ல் நுழைவுத் தேர்வில் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதச் சொன்னபோது எழுத்துப்பிழையும் நிறுத்தக்குறிப் பிழையுமாக வந்தது, பெரிய இடத்துப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகத் தோற்றார்கள். அதற்காகத்தான் 1885-ல் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கென்றே எழுத்துப் பயிற்சியை வைத்தார்கள். பணக்காரப் பிள்ளைக்கு எழுத வராவிட்டால் பாடம் வைக்கிறார்கள். ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு வராவிட்டால் மீம் வைக்கிறோம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

1998-ல் நான் முதலாமாண்டு. ப்ளஸ் டூ தமிழில் இருநூற்றுக்கு 171. அந்த மிதப்பு இருந்தது. முதல் வாரம் எங்கள் பேராசிரியர், "உனக்குத் தெரிஞ்ச ஒரு வேலையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிட்டு வா" என்றார். நான் ‘உழைப்பே உயர்வு’ என்று எழுதிக்கொண்டு போனேன். குறிப்புச் சட்டகம், முன்னுரை, நாலு உட்தலைப்பு, முடிவுரை. தலைப்புகளுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு. எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று போகும். பன்னிரண்டு வருஷம் அதற்குத்தான் மார்க் கொடுத்தார்கள்.

அவர் வாசித்துவிட்டுக் கேட்டார்: "எறும்பு இருக்கு, தேனீ இருக்கு. உங்க வீட்ல யாரும் வேலை பாக்கலியாப்பா?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும், ராத்திரி வீட்டிலும் பெட்டி ஒட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். "அதை எழுது" என்றார்.

எழுதினேன். மரவள்ளி மாவில் பசை காய்ச்சுவது, 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ் என்று எண்ணுவது, மயில்துத்தம் போடாத பசையைக் கறப்பான் தின்றுவிடும் என்பது. ஆமாம், ‘கறப்பான்’ என்றுதான் எழுதினேன். ர, ற இரண்டும் எனக்கு அப்போது ஒன்றுதான். காகிதம் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லில் ஒரு கீறல் கூட இல்லை. ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி மட்டும்: "மயில்துத்தம் எவ்வளவு போடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். "ஒரு சிட்டிகை. ஏன், உங்க வாத்தியாரும் ஒட்டப் போறாரா?" என்றது. அதையும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது தடவை எழுதிக் கொடுத்தபோதுதான் ‘கறப்பா’னுக்குக் கீழே ஒரு கோடு. "இதை இப்ப சரி பண்ணிக்கலாம்" என்றார். அன்றைக்குச் சரியானது, இன்று வரை தப்பவில்லை.

முதல் நாளே அவர் அந்தக் காகிதத்தைச் சிவப்பு மையால் குளிப்பாட்டியிருந்தால் நான் எறும்புக்கும் தேனீக்கும் திரும்பிப் போயிருப்பேன். அங்கே ர, ற தகராறு இல்லை. எல்லாம் மனப்பாடம்.

"அப்ப பிழை இருந்தா பரவாயில்லைங்கிறீங்களா?" இதைக் கேட்கத்தான் பாதிப் பேர் காத்திருக்கிறீர்கள். இல்லை. நூறு தடவை இல்லை. நான் தமிழ் வாத்தியார். ‘கொல்கிரேன்’ என்று பார்த்தால் எனக்கும் பல் கூசும். எந்தப் பிழையை எப்போது, எந்த இடத்தில், எந்தக் குரலில் சொல்வது என்று ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பேர்தான் சொல்லிக் கொடுப்பது. பையனைக் கூப்பிட்டு, "தம்பி, கொல் வேற, கொள் வேற, நீ என்னைக் கொல்றேன்னு எழுதியிருக்க" என்று சொன்னால் அவனும் சிரிப்பான், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். அதே சிரிப்பை ரெண்டாயிரம் பேருக்கு முன்னால் வைத்தால் அதற்கு வேறு பேர்.

"பேரை மறைச்சுத்தானே போட்டாரு?" பேரை மறைத்தார். கையெழுத்தை மறைக்கவில்லை. அந்த வகுப்பில் யார் வீட்டில் வெள்ளாடு இருக்கிறது என்று அறுபது பேருக்கும் தெரியும்.

"பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துல என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?" எறும்பு, தேனீ. மேலே சொல்லிவிட்டேன்.

"நீங்க ஓவரா எமோஷனல் ஆகுறீங்க." ஆமாம்.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பகுதி ஒன்று தமிழ், மதியம் ஷிப்ட், 62 பேர், மின்விசிறி மூன்றில் ஒன்று ஓடும். வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதச் சொல்லி, ஜூலையிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி ஒரு இருபது பேரை எழுத வைத்திருந்தேன். பாட்டி வைத்தியம், கரகாட்டத்துக்குத் தவில் வாசிக்கப் போகிற அப்பா, டவுன் பஸ்ஸில் படியில் தொங்கியது. பிழைதான். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து. ஆனால் படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும்.

இந்த வாரம் வந்தது ஒன்பது நோட்டு. ஒன்பதிலும் ஒரு எழுத்துப்பிழை இல்லை. ஒன்பதிலும் ‘இன்றியமையாதது’ இருக்கிறது. "குடும்பம் என்பது சமூகத்தின் அடித்தளமாகத் திகழ்கிறது" என்று ஒரு பொண்ணு எழுதியிருக்கிறது. போன வாரம் வரைக்கும் "எங்க சித்தி கோவம் வந்தா மாட்ட திட்டும்" என்று எழுதிய பொண்ணு. கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்கவே இல்லை. "சாட்ஜிபிடில போட்டேன் சார். நீங்களும் போட்டோ எடுத்துப் போட்டுட்டா?" என்றது.

நான் எடுப்பேனாம். ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை.

இதுதான் உங்களுக்கு வேண்டியது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் பிழையே இல்லாத விடுப்புக் கடிதம் வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி உடம்பு சரியில்லாமல் போகும், ஒரே மாதிரி "தங்கள் மேலான அனுமதியை" வேண்டுவார்கள். ஆடு குட்டி போடாது. யாருக்கும் ஈத்து என்று ஒரு சொல் இருந்ததே தெரியாது. தமிழ் வாழ்ந்துவிடும், கவலைப்படாதீர்கள்.

அந்தப் பதிவைப் போட்டவர் எனக்குத் தெரிந்தவர்தான் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். ரெண்டு கருத்தரங்கில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். வாட்ஸப்பில் எழுதினேன், "சார், அதை எடுத்துருங்க" என்று. பார்த்துவிட்டார், ரெண்டு நீல டிக்கும் விழுந்துவிட்டது. பதில் இல்லை. மறுநாள் "சில கௌரவ விரிவுரையாளர்களின் போலி மனிதாபிமானம்" என்று ஒரு வரி போட்டிருந்தார். நான் கௌரவ விரிவுரையாளன்தான். பத்து வருஷத்துக்கு மேலாக. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நிரந்தரப் பணியில் இருந்தால் ஈத்து பிழை ஆகிவிடுமா? ஷிப்டுக்கு ஷிப்ட் ஓடி, வீட்டில் நோட்டுக் கட்டைப் பிரித்து வைத்து உட்கார்கிற ஆளைப் பார்த்துப் போலி என்கிறார். சரி, இதை இங்கே இழுத்திருக்கக் கூடாது. என் பிரச்சினை, பையன் பிரச்சினை இல்லை.

ஆயிரத்துக்கு மேல் கமெண்ட் இருக்கிறது அங்கே. நேற்று ராத்திரி முக்கால்வாசி வாசித்தேன். ஆடு என்ன ஆச்சு என்று ஒருத்தர் கூடக் கேட்கவில்லை.

புதன்கிழமை என் வகுப்பில் ‘ஈத்து’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, யாருக்குத் தெரியும் என்றேன். பதினோரு கை உயர்ந்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன், ஜூலையிலிருந்து வருகைப் பதிவுக்கு "உள்ளேன் ஐயா" தவிர வாயைத் திறக்காதவன், எழுந்து பேச ஆரம்பித்தான். குட்டி தலை கொடுத்து வருவதற்கும் கால் கொடுத்து வருவதற்கும் என்ன வித்தியாசம், கையில் விளக்கெண்ணெய் தடவி எப்படித் திருப்புவார்கள், நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் ஏன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், விழுந்ததை நாய் தின்னாமல் எங்கே புதைப்பார்கள். இருபது நிமிஷம். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"இதை அப்படியே எழுதிக் குடுப்பா" என்றேன்.

"எழுதினா பிழை வரும் சார்" என்றான்.

வரட்டும் என்றேன். இன்றைக்குச் சனிக்கிழமை. இன்னும் தரவில்லை.