பழைய மடிக்கணினியை எடைக்குப் போடும் முன்

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் கூலிக் கணக்கைப் பார்த்துவரும் என் தங்கை, தன் மடிக்கணினியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடப் போவதாகச் சென்ற மாதம் சொன்னாள். பள்ளியில் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி அது. நினைவகம் 2 ஜிபி. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்து முடித்தாலும் திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அம்மாப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பென்டிரைவ் வழியாக லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவமான டெபியனையும் எல்எக்ஸ்க்யூடி என்னும் இலகுவான திரைச்சூழலையும் நிறுவினேன். இப்போது எந்தச் செயலியையும் திறக்காதபோது ஏறத்தாழ 400 எம்பி நினைவகத்தைத்தான் பிடிக்கிறது.

லினக்ஸில் வன்பொருளை இயக்கும் மையப் பகுதியான கர்னல் வேறு, சாளரங்களும் பட்டியல்களுமாக நம் கண்ணுக்குத் தெரியும் திரைச்சூழல் வேறு. க்னோம் என்னும் திரைச்சூழல் கனமாக இருந்தால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். சர்வருக்குத் திரைச்சூழலே இல்லாமலும் ஓட்டலாம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு கைபேசிக்கும் அடித்தளம். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகமான 500 மீக்கணினிகள் (சூப்பர் கம்ப்யூட்டர்கள்) அனைத்தும் அதில்தான் ஓடுகின்றன. வேண்டாததை எடுத்துவிடும் உரிமை நம் கையில் இருப்பதால்தான் இந்த வேகம் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணினிக்குப் பெரிதும் கைகொடுத்தது இசட்ரேம். உடனே தேவைப்படாத தரவை மெதுவான ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பாமல், நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. புடவையைப் பரணில் ஏற்றாமல், இன்னும் சிறிதாக மடித்து அதே பீரோவில் வைப்பதைப் போல. விரிதாளோடு உலாவியில் நான்கு பக்கங்கள் திறந்திருந்தும் கணினி நிற்கவில்லை. காணொளியையும் சேர்த்து ஓட்டினால் திணறுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மலைமேல் சிக்னலும் மின்சாரமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் சேலத்துக்கு இறங்கி வரும் நாளில் ஒரே கட்டளையில் அப்டேட்டை முடித்துக்கொள்கிறாள். கூலிப் பட்டியலின் நடுவே கணினி தானாக அணைந்து எழுவதில்லை.

அந்த மடிக்கணினியில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் வடிவம் முதலிலிருந்தே இருந்தது. பள்ளியில் ஒருவரும் அதைத் திறந்துகூடக் காட்டவில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது; டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகள் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.